ஷாட்கன் ஸ்டாக்கில் ஏற்றி இறக்கும் கோம்: சொந்தப் பட்டறையில் செய்து பொருத்துவது எப்படி?

ஷாட்கன்னில் பொதுவாகப் பின்பக்கக் குறிமுனை கிடையாது. அந்த வேலையைச் செய்வது சுடுபவரின் கண். கண் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் பின்பக்கக் கட்டையின்) கன்னம் பதிகிற மேல்விளிம்பு. அதற்குப் பெயர்தான் கோம். கோம் 1 மி.மீ. உயர்ந்தால் கண்ணும் 1 மி.மீ. உயரும், சுடும் இடமும் மேலே போகும். தொழிற்சாலையில் இருந்து வரும் ஸ்டாக் ஏதோ ஒரு சராசரி முகத்துக்காகச் செய்யப்பட்டது. ஒல்லியான கன்னமும் நீண்ட கழுத்தும் உள்ளவருக்கு அது தாழ்வாக இருக்கும். அவர் கன்னத்தை ஒழுங்காகப் பதித்தால் கண்ணுக்குத் தெரிவது துப்பாக்கியின் பின்பாகம் மட்டும்தான். அதைத் தவிர்க்கத் தலையைத் தூக்குவார், அடுத்த களிமண் தட்டு தப்பிவிடும்.

கோமை வெட்டி எடுத்து, இரண்டு தண்டுகளின் மேல் ஏறி இறங்கும்படி செய்வதுதான் இந்த வேலை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கான உலோகப் பாகங்கள் தொகுப்பாகவே விற்கின்றன. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி வேலை குறையும். இங்கே சொல்லப்போவது, பாகங்களையும் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து, முழுவதையும் நாமே செய்கிற முறை. எடுத்துக்கொள்ளும் துப்பாக்கி, ட்ராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுடப் பயன்படும் 12 போர் ஓவர் அண்டர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ளது, வால்நட் ஸ்டாக்.

எல்லாரும் பயப்படுவது ரம்பத்துக்குத்தான். உண்மையில் ரம்ப வேலை எளிது. இரண்டு துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதில்தான் இந்த வேலை நிற்பதும் விழுவதும். அரை டிகிரி சாய்ந்தாலும் கோம் பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.

வெட்டுவதற்கு முன்பு: அட்டையும் டேப்பும்

முதலில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழல்களும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு மூடி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகப் பதியுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் ரிப், அதாவது குழலின் மேலே நீளவாக்கில் ஓடும் பட்டை, எப்படித் தெரிகிறது? ரிப்பே தெரியவில்லை என்றால் கோம் தாழ்வு. ரிப் முழுவதும் சாலை போல நீண்டு தெரிந்தால் உயரம் அதிகம். ரிப்பின் மேல் இருக்கும் முனை மணியும் நடு மணியும் ஒன்றன்மேல் ஒன்றாக 8 வடிவில் தெரிவதைத்தான் ட்ராப் சுடுபவர்கள் பலர் விரும்புகிறார்கள். யாரையாவது எதிரே நிற்க வைத்துக் கண்ணைப் பார்க்கச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். காலித் துப்பாக்கியையும் ஆள் மீது நீட்டக் கூடாது. ஒரு நிலைக்கண்ணாடி போதும்.

அப்புறம், 1 மி.மீ. அட்டையைக் கோம் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போய் ஒரு பெரிய தாளில், சுமார் 15 மீட்டர் தூரத்தில், நிதானமாகக் குறிவைக்காமல் தட்டைச் சுடுவது போலவே ஏற்றிச் சுடுங்கள். நாலைந்து தோட்டாக்கள் ஒரே தாளில் விழுந்ததும் குண்டுக் கூட்டத்தின் நடு எங்கே என்று பாருங்கள்.

கணக்கு எளிது. 30 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கியில் கண்ணிலிருந்து குழல் முனை வரை ஏறத்தாழ 1.05 மீட்டர். ஆகவே கோம் 1 மி.மீ. உயர்ந்தால், 15 மீட்டரில் சுமார் 14 மி.மீ. மேலே படும். 36 மீட்டரில் சுமார் 34 மி.மீ. ட்ராப் சுடுபவர்கள் 60க்கு 40 என்று சொல்வது, அந்த 36 மீட்டரில் 76 செ.மீ. வட்டத்தில் குண்டுகளில் 60 பங்கு குறிக்கு மேலேயும் 40 பங்கு கீழேயும் விழுவதை. அதற்கு வட்டத்தின் நடு ஏறத்தாழ 7.5 செ.மீ. மேலே போக வேண்டும். கோமில் அது வெறும் 2 மி.மீ. சொச்சம். 70க்கு 30 வேண்டும் என்றாலும் நாலரை மி.மீ. தாண்டாது. ட்ராப்பில் தட்டு சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கும் குழியிலிருந்து கிளம்பி மேலேறியபடியே விலகிப் போகிறது. துப்பாக்கி கொஞ்சம் மேலே சுட்டால்தான், 110 மி.மீ. அகலமுள்ள அந்தத் தட்டைக் குழலால் மறைக்காமல் பார்த்துக்கொண்டே சுட முடியும். ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுப் போட்டியில் சுடுபவருக்கு இந்த உயரம் தேவைப்படாது.

அட்டை வைத்துச் சில வாரங்கள் சுட்ட பிறகு, 2, 3 மி.மீ. போதும் என்று தெரிந்தால் என் யோசனை: வெட்டாதீர்கள். மெல்லிய தோல் பட்டை ஒட்டி முடித்துவிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வேண்டும், பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும், அல்லது குளிர்காலத்துத் தடித்த சட்டைக்கும் கோடைக்கும் அளவு மாறுகிறது என்றால்தான் இந்த வேலைக்கு நியாயம் இருக்கிறது.

சில ஸ்டாக்குகளைத் தொடவே கூடாது. ரெமிங்டன் 1100 போன்ற சில செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் ஸ்டாக்குக்குள் ஸ்பிரிங் குழாய் ஓடுகிறது. துளை போட்டால் அதில் போய் இடிக்கும். பிளாஸ்டிக் ஸ்டாக் உள்ளே பொள்ளல், புஷ் (தண்டு வழுக்கிப் போகும் பித்தளைக் குழாய்) பிடிக்க இடமில்லை. மணிக்கட்டுப் பகுதியில் (கை பிடிக்கும் மெலிந்த இடத்தில்) விரிசல் உள்ள ஸ்டாக், மெலிந்த நேர்க்கைப்பிடி ஆங்கில ஸ்டாக், பழைய விலைமதிப்புள்ள துப்பாக்கி ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஆசாரியிடமோ லேத் பட்டறையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். லேத்காரருக்குத் தேவை ஒரு வரைபடமும் பித்தளைத் துண்டும்தான். ஸ்டாக் வேலையைத் தொடங்கும் முன், உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காக இறங்கிய பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர். நம் ஊரில் இந்த விளையாட்டின் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது, விதிகளை அறிந்தவர்களும் கேட்டால் கிடைப்பார்கள்.

ஸ்டாக்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

ஸ்டாக்கின் பின்முனையில் தோளில் பதியும் ரப்பர் பேடின் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஸ்குரூடிரைவரின் தண்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் ரப்பர் கிழியாது. உள்ளே நீளமான ஒரு துளை தெரியும். அதன் மறுமுனையில் ஸ்டாக்கை இயந்திரப் பகுதியோடு பிணைக்கும் போல்ட் இருக்கிறது. நீண்ட ஆலன் சாவியாலோ தட்டை ஸ்குரூடிரைவராலோ அதைத் தளர்த்தி ஸ்டாக்கைப் பிரியுங்கள். உலோகப் பகுதி அத்தனையும் பூட்டிய பெட்டிக்குள் போகட்டும். இனி மேசைக்கு வருவது மரம் மட்டும்.

அந்த நீளத் துளைதான் இந்த வேலையின் பெரிய தலைவலி. அகலம் பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், ஸ்டாக்கின் நடுவில் ஓடும். மேலிருந்து நாம் போடும் தண்டுத் துளைகள் அதன் கூரையை நோக்கித்தான் இறங்குகின்றன. ஆகவே அதன் பாதையை வெளியே வரைந்துகொள்ள வேண்டும். ஸ்டாக்கின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பின்முனையில் துளையின் மையம் ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே என்று அளந்து குறியுங்கள். முன்முனையில் போல்ட் வெளியே வரும் சிறு துளையின் மையத்தையும் அதேபோலக் குறியுங்கள். இரண்டையும் நேர்க்கோட்டால் இணைத்தால் அதுதான் துளையின் அச்சு. துளையின் பாதி அகலத்தை அதற்கு மேலே இன்னொரு கோடாகப் போட்டால் கூரை கிடைக்கும். ஒரு குச்சியை உள்ளே விட்டு, அகலத் துளை எவ்வளவு தூரம் போய் முடிகிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

இப்போது வெட்டுக்கோடு. கோமின் முன்மூக்கிலிருந்து 30 மி.மீ. விட்டுத் தொடங்கி, சுமார் 160 மி.மீ. நீளத்துக்கு, கோமின் மேல்விளிம்புக்கு இணையாக, 22 மி.மீ. ஆழத்தில் வரையுங்கள். இரு முனைகளிலும் 20 மி.மீ. ஆரமுள்ள வளைவாக மேலே ஏற்றிவிடுங்கள். பார்க்கப் படகு மாதிரி இருக்கும். அழகுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அடி குறுகி மேல் அகன்றிருந்தால்தான் கன்னக்கட்டை, அதாவது வெட்டி எடுக்கும் கோம் துண்டு, தடையின்றி மேலே எழும். முனைகள் உள்பக்கமாகச் சாய்ந்தால் அது மாட்டிக்கொள்ளும்.

வெட்டுக்கோட்டுக்கும் துளையின் கூரைக்கும் நடுவே எவ்வளவு மரம் மிஞ்சுகிறது? வழக்கமான ஓவர் அண்டர் ஸ்டாக்கில் முன்பக்கம் 10, 12 மி.மீ.யும் பின்பக்கம் 18, 20 மி.மீ.யும் கிடைத்தால் நல்ல நிலைமை. உங்களுடையது வேறாக இருக்கலாம். முன்பக்கம் 10 மி.மீ.க்குக் குறைந்தால் வெட்டின் ஆழத்தை ஒன்றிரண்டு மி.மீ. குறைத்துப் பாருங்கள், அல்லது முன்தண்டைப் பின்னால் தள்ளுங்கள். கன்னக்கட்டையின் முன்முனையிலிருந்து 55 மி.மீ. தள்ளி முன்தண்டு, அதற்குப் பின்னால் 75 மி.மீ.யில் பின்தண்டு என்பது பெரும்பாலும் சரியாக வரும்.

மரம் குறைவு என்பதால் தண்டும் குட்டையாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். துளையை நீளத் துளைக்குள் திறந்தே விடலாம். பித்தளைப் புஷ் கூரையோடு முடிய வேண்டும், உள்ளே துருத்தக் கூடாது. தண்டு மட்டும் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கி நிற்கட்டும். போல்ட்டைத் தளர்த்த வேண்டிய நாளில் கன்னக்கட்டையை உருவி எடுத்துவிட்டால் சாவி போக வழி கிடைத்துவிடும். தண்டு இறங்கும் இடம் போல்ட்டின் தலைக்குப் பின்னால் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகங்கள்

லேத்காரரிடம் சொல்ல வேண்டியவை இவை. 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தண்டு இரண்டு. மரையைச் சேர்க்காமல் பின்னது 30 மி.மீ., முன்னது 25 மி.மீ. நீளம். இரண்டின் மேல்முனையிலும் 10 மி.மீ. நீளத்துக்கு எம்6 மரை. மரை தொடங்கும் தோள் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தோளுக்கு 4 மி.மீ. கீழே, குறுக்காக 3 மி.மீ. துளை ஒன்று. தண்டைத் திருகி இறுக்க ஒரு கம்பியை அதில் நுழைப்போம்.

பித்தளைப் புஷ் இரண்டு. வெளிவிட்டம் 15.7 மி.மீ., உள்ளே தண்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ரீமர் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். நீளம், நீங்கள் அளந்த மரத்தின் தடிமன். வெளிப்பக்கம் இரண்டு மூன்று காடி வெட்டச் சொன்னால் பசை நன்றாகப் பிடிக்கும். பக்கச் சுவர் ஏறத்தாழ 3 மி.மீ. இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இறுக்கும் எம்5 கிரப் ஸ்குரூவுக்கு (தலையில்லாத ஸ்குரூ) மரை இந்தச் சுவரில்தான் வரப்போகிறது. 2 மி.மீ. சுவரில் போட்ட மரை சீக்கிரம் உரிந்துவிடும்.

4 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகடு இரண்டு, 40க்கு 20 மி.மீ. ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்காக 6.3 மி.மீ. அகலம், 12.5 மி.மீ. நீளத்தில் ஒரு காடி. இதன் வழியாகத்தான் கோம் இடமும் வலமும் 3 மி.மீ. நகரும். இரு ஓரத்திலும் மர ஸ்குரூவுக்கு ஒவ்வொரு துளை.

கடைசியாக, அதிகம் பேர் செய்யாத, ஆனால் நான் கட்டாயம் என்று சொல்லும் பாகம்: 12 மி.மீ. தடிமனுள்ள அலுமினியப் பட்டை ஒன்றில், 75 மி.மீ. இடைவெளியில், இரண்டு 10 மி.மீ. துளைகள். இரண்டையும் பட்டையைக் கழற்றாமல் ஒரே பிடிப்பில், மில்லிங் மெஷினிலோ நல்ல ட்ரில் ஸ்டாண்டிலோ போட வேண்டும். ஸ்டாக்கில் இது ஒட்டப்போவதில்லை. இணைத்தன்மையைக் காப்பாற்றும் காவல்காரன் இதுதான்.

இவை தவிர எம்6 நட் இரண்டு, எம்5 கிரப் ஸ்குரூ இரண்டு, உயரத்துக்கு நைலான் உருளையிலிருந்து சீவிய 1 மி.மீ. வளையங்கள் ஒரு கைப்பிடி, மெதுவாகக் காயும் அரால்டைட் பசை.

வெட்டு

ஸ்டாக்கின் பக்கங்கள் வளைந்தவை. அப்படியே பேண்ட்சா (பட்டை ரம்ப இயந்திரம்) மேசையில் படுக்க வைத்தால் வெட்டு ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக வரும். ஒரு பிளைவுட் பலகையில் ஸ்டாக்கைப் படுக்க வைத்து, மர ஆப்புகள் கொடுத்து நிமிர்த்துங்கள். பின்முனையின் நடுக்கோடும் முன்முனையின் நடுக்கோடும் பலகையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மூலைமட்டத்தால் சரிபார்த்த பிறகு சூட்டுப்பசையால் ஆப்புகளைப் பலகையோடு ஒட்டி, ஸ்டாக்கைப் பட்டையால் கட்டிவிடுங்கள்.

6 மி.மீ. அகலமுள்ள புதிய பிளேடு போடுங்கள். 20 மி.மீ. வளைவில் அது சிரமமின்றித் திரும்பும். பழைய பிளேடு வால்நட்டில் அலைந்து திரியும். முன்பக்கம் மேலிருந்து நுழைந்து, வளைந்து, நேராகப் போய், பின்பக்கம் மேலே ஏறி வெளியே வாருங்கள். நிறுத்தாமல், தள்ளாமல், ஒரே ஓட்டம். வால்நட் தூசு சிலருக்கு மூச்சையும் தோலையும் எரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட்சா இல்லாவிட்டால் மெல்லிய பல்லுள்ள கைரம்பத்தால் முனைகளை வெட்டி, வளைவில்லாமல் நேராகவே செய்யலாம். மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

ரம்பம் தின்ற மரமும் பிறகு தேய்ப்பதும் சேர்ந்து 1.5 முதல் 2 மி.மீ. வரை உயரம் குறையும். இது நஷ்டமில்லை. முன்பு இருந்த அளவுக்குக் கீழேயும் கொஞ்சம் இறக்க வழி கிடைத்திருக்கிறது. இரண்டு பரப்புகளையும் தட்டையான கண்ணாடியின் மேல் ஒட்டிய 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். பள்ளத்தில் இருக்கும் ஸ்டாக் பரப்புக்கு, சிறு கட்டையில் தாளைச் சுற்றித்தான் தேய்க்க முடியும். சீராக்கினால் போதும், கண்ணாடி போல மின்ன வேண்டியதில்லை.

துளைகள்

ஸ்டாக்கை நிமிர்த்தி, வெட்டிய பரப்பு கிடைமட்டமாக இருக்கும்படி ஒரு பெட்டித் தாங்கியில் இறுக்குங்கள். நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பாருங்கள். ட்ரில் ஸ்டாண்டின் மேசையில் ஒரு நேர்க்கட்டையைத் தடுப்பாக கிளாம்ப் போட்டு, தாங்கி அதை ஒட்டியே நகரும்படி வையுங்கள். முதல் துளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தாங்கியைத் தள்ளுவது மட்டும்தான் நடக்க வேண்டும். ஸ்டாக்கை அவிழ்த்து மறுபடி கட்டக் கூடாது.

துளையின் மையம் ஸ்டாக்கின் வெளிவடிவத்தின் நடுவில் இருக்கட்டும். நிறைய ஸ்டாக்குகள் பின்னால் போகப் போகப் பக்கவாட்டில் விலகும். வலக்கைக்காரர் ஸ்டாக்கில் அது வலப்பக்கம். ஆகவே நேர்க்கோடு போடாமல், ஒவ்வொரு இடத்திலும் அகலத்தை அளந்து நடுவைக் குறியுங்கள். இரண்டு மையங்களையும் இணைக்கும் கோடு தடுப்புக்கு இணையாக வரும்படி தாங்கியில் ஸ்டாக்கைத் திருப்பிக்கொள்ளலாம்.

16 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட். அதன் நடுமுனை வெட்டும் விளிம்பைவிடக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், ஆழக் கணக்கில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள். நீளத் துளைக்குள் திறக்கும்போது மரம் பிய்யாமலிருக்க, அந்தத் துளைக்குள் முன்பே பொருத்தமான ஒரு மர உருளையைச் செருகி வையுங்கள்.

புஷ்களை ஒட்டுவது

பழைய ஸ்டாக்கில் எண்ணெய் ஊறியிருக்கும். துளைகளின் உட்சுவரை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி துடையுங்கள். துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை விடாதீர்கள். எண்ணெய் மேல் போட்ட அரால்டைட் ஒட்டியது போலத்தான் தோன்றும், துப்பாக்கியின் உதைப்பில் ஒரு நாள் மொத்தமாகக் கழன்று வரும்.

தண்டுகளில் மெழுகுப் பாலிஷ் தடவி உலர்த்துங்கள். புஷ்களைத் தண்டுகளில் கோத்து, தண்டுகளை அலுமினியப் பட்டையின் துளைகளில் நிறுத்துங்கள். மரையுள்ள முனை மேலே. புஷ்ஷின் அடிப்பக்க இடுக்கை மெழுகால் அடையுங்கள். புஷ்ஷின் வெளிக்காடிகளிலும் துளையின் சுவரிலும் பசை தடவி, எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டாக்கில் இறக்குங்கள். 16 மி.மீ. துளையில் 15.7 மி.மீ. புஷ் என்பதால் சின்ன இடைவெளி உண்டு. துளை துளியூண்டு சாய்ந்திருந்தாலும் அந்த இடைவெளியில் பசை நிரம்பிவிடும், பட்டை தண்டுகளை இணையாகவே பிடித்துக்கொள்ளும். பட்டையின் அடிப்பரப்பு வெட்டிய பரப்பின் மேல் அழுந்தி உட்காரட்டும். புஷ்ஷின் மேல்விளிம்பு மரத்தைவிட ஒரு நூலளவும் உயரக் கூடாது.

ஒரு முழு நாள் தொடாதீர்கள். பிறகு தண்டுகளை மெதுவாகத் திருகி உருவுங்கள். நீளத் துளைக்குள் பசை வழிந்திருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள்.

அடுத்தது இறுக்கும் ஸ்குரூ. கன்னம் படாத பக்கத்தில், வலக்கைக்காரருக்கு வலப்பக்கத்தில், வெட்டிய பரப்புக்கு 6, 7 மி.மீ. கீழே, புஷ்ஷின் மையத்தை நோக்கி 4.2 மி.மீ. துளை போட்டு, மரத்தில் மட்டும் அதை 6 மி.மீ. ஆக அகலப்படுத்தி, பித்தளையில் எம்5 மரை போடுங்கள். மரை போடும்போது தண்டு உள்ளே இருக்கக் கூடாது. கிரப் ஸ்குரூவின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய சிறு பித்தளை வில்லை போட்டால், தண்டில் வடு விழாது, பிடியும் அதிகம்.

கன்னக்கட்டையின் அடிப்பக்கம்

கூர்முனையாகக் கடைந்த 10 மி.மீ. ஊசித் தண்டுகள் இரண்டைப் புஷ்களில் நிறுத்துங்கள், முனை ஒரு மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும். கன்னக்கட்டையின் இரு முனைகளிலும் சமமான தடிமனில் தாளைச் சொருகி, அதன் இடத்தில் சரியாக உட்காரவைத்து அழுத்துங்கள். அடியில் இரண்டு புள்ளிகள் விழும். அளந்து மாற்றுவதைவிட இது நம்பிக்கையானது.

அந்தப் புள்ளிகளை மையமாக வைத்து, தகடு மரத்தோடு சமமாக உட்காரும்படி 4 மி.மீ. ஆழத்துக்கு உளியால் குழி எடுங்கள். அதன் நடுவில் நட்டுக்கு இன்னும் 8 மி.மீ. ஆழம்: குறுக்காக 17 மி.மீ. நீளம், அகலம் நட்டின் இரு பக்கங்களுக்குச் சரியாக 10 மி.மீ. நட் குழிக்குள் சறுக்க வேண்டும், சுழலக் கூடாது. மொத்த ஆழம் 12 மி.மீ. மேலே 10 மி.மீ. மரம் மிஞ்சும். தகட்டுக்குப் போடும் மர ஸ்குரூவும் குட்டையாக, 10 மி.மீ.க்குள் இருக்கட்டும், நீளம் மிகுந்தால் கன்னம் பதிகிற பக்கத்தில் எட்டிப் பார்த்துவிடும்.

தகடுகளை ஒட்டும்போதும் பசை இறுகும்வரை தண்டுகளைப் புஷ்களில் நிறுத்தி, கட்டையை அதன் இடத்திலேயே வைத்துக் கட்டிவையுங்கள். தகட்டின் அடிக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே மெழுகுத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் கோம் ஜென்மத்துக்கும் நகராது. நட்டில் பசை படாமலிருக்க அதற்கும் மெழுகு தடவுங்கள். காய்ந்தபின் தண்டைக் குறுக்குக்கம்பியால் திருகி நட்டோடு இறுக்கினால், தோள் தகட்டில் சப்பென்று உட்கார்ந்து தண்டு செங்குத்தாக நிற்கும்.

இப்போது கட்டையைப் புஷ்களில் இறக்குங்கள். தன் எடையில் மெதுவாக இறங்கினால் வேலை முடிந்தது. பாதியில் நின்றால் அடிக்காதீர்கள். தண்டில் மார்க்கர் மை பூசி ஏற்றி இறக்கினால் எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்த இடத்தை நைசான எமரித்தாளால் சில சுற்று தேய்த்தால் போதும்.

மீதி இருப்பது மெருகு. கன்னக்கட்டையின் அடிவிளிம்புகளை 1.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். உயர்த்திய கோமின் கூர்விளிம்பு கன்னத்துத் தோலைக் கிள்ளும், அதுவும் உதைப்பின்போது. 240, 320, 400 என்று தேய்த்து, வெட்டிய பரப்புகள், குழிகள், முனைகள் எல்லாவற்றுக்கும் ஆளிவிதை எண்ணெய் அல்லது துப்பாக்கி ஸ்டாக்குக்கான எண்ணெய் மூன்று நான்கு பூச்சு. புதிதாக வெட்டிய மரம் ஈரத்தைக் குடிக்கும், மழைக்காலத்தில் ஊதி இறுகிவிடும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

ரேஞ்சில் சரிசெய்தல்

ஸ்டாக்கைத் துப்பாக்கியில் பொருத்தி போல்ட்டை நன்றாக இறுக்குங்கள். தளர்ந்த ஸ்டாக்தான் மணிக்கட்டில் பிளக்கும். அட்டை வைத்துக் கண்டுபிடித்த உயரத்துக்கு நைலான் வளையங்களை இரண்டு தண்டுகளிலும் போட்டு, கட்டையை இறக்கி, கிரப் ஸ்குரூவை இறுக்குங்கள். வளையங்கள் எடையைத் தாங்கும், ஸ்குரூ மேலே எழாமல் பிடிக்கும். ஸ்குரூவை மட்டும் நம்பி வளையமில்லாமல் விட்டால் ஒவ்வொரு சுடலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

முதல் சில சுடல்களுக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு காலி செய்து, புஷ்களைச் சுற்றியும் முனை வளைவுகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன்பு செய்தது போலவே 15 மீட்டர் தாள். ஒரு தடவையில் 1 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். உயரம் சரியான பிறகுதான் பக்கவாட்டு. வலக்கைக்காரருக்குக் கூட்டம் இடப்பக்கம் விழுந்தால் கோமை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கண் போகிற பக்கம் கூட்டமும் போகும் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை.

கன்னத்தில் அடி விழுகிறது என்றால் உயரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் சாய்வைப் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த கோம், துப்பாக்கி பின்னால் வரும்போது ஆப்பு போலக் கன்னத்துக்குள் ஏறும். பின்தண்டில் அரை மி.மீ. வளையம் கூடுதலாகப் போட்டால் சாய்வு கொஞ்சம் குறையும். அந்தச் சிறு வித்தியாசத்துக்கு மேல் தண்டுகள் இடம் கொடுக்காது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கன்னக்கட்டையின் மேல்பரப்பையே சீவித்தான் ரிப்புக்கு இணையாக்க வேண்டும்.

அளவு நிலைத்ததும் தண்டின் எம்6 மரையில், மரை கழலாமல் பிடிக்கும் நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு. எத்தனை வளையங்கள், பக்கவாட்டில் எவ்வளவு என்று ரப்பர் பேடின் உள்பக்கம் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். சுத்தம் செய்யக் கழற்றும்போது வளையங்கள் சிதறினாலும் பழைய அளவுக்குத் திரும்ப அது உதவும். ஆலன் சாவியைத் தோட்டாப் பையிலேயே போட்டுவையுங்கள். முதல் மாதத்தில் ஒவ்வொரு தடவை ரேஞ்சுக்குப் போகும்போதும் கிரப் ஸ்குரூவை ஒரு கால் திருகு சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.